கறுப்புக் கண்ணாடி போட்ட தாத்தா

சென்ற இதழில் குழந்தைகளின் வேர்க்குருவைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் கனமான சமாசாரம். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதையா படிக்கிறது!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் சகோதரிகளே. உங்கள் வீட்டில் மூன்று வயசிலிருந்து எட்டு வயசுக்குள் ஒரு குழந்தை இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

போன தை மாசம் என் மாமியார் தவறிப்போனார்கள். முதல் நாள் ராத்திரிகூட நன்றாகத்தான் இருந்தார்கள். "பால் கொழுக்கட்டை சாப்பிடணும்போல இருக்கு தாயி" என்றார்கள். அடுப்பைத் துடைத்துக் கோலம் போட்டாகிவிட்டது எனக்கு. "நாளைக்குச் செஞ்சு தர்றேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். விடியற்காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் சின்னவளுக்கு அஞ்சு வயசு. அப்பத்தா மடியிலேயே வளர்ந்தவள். வீட்டில் கூட்டம் சேரும் முன்னாலேயே அவளைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம். எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகுதான் அழைத்து வந்தோம். வந்ததும் வராததுமாய், "அப்பத்தா எங்கம்மா?" என்றாள்.

"ஊருக்குப் போயிருக்காங்கடா கண்ணு."

எப்படித்தான் வாயில் வந்ததோ! நான் சொன்னதையே அவள் அப்பாவும் சொன்னார். பெரியவனுக்குப் பதினோரு வயசு, அவனுக்கு எல்லாம் தெரியும். அவனையும், "தங்கச்சிகிட்ட ஒண்ணும் சொல்லிடாதேடா" என்று அடக்கிவைத்தோம். குழந்தை மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். நிஜம் அதுவல்ல. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கே தைரியம் இல்லை. சொன்னால் அந்தப் பால் கொழுக்கட்டையும் சேர்ந்து தொண்டையில் வந்து நிற்குமே!

அதற்கப்புறம் பிள்ளை ஒரு மாதிரி ஆகிவிட்டாள். தெருமுனைக்குக் கருவேப்பிலை வாங்கப் போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "அம்மா... அம்மா..." என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். இரண்டு வருஷமாக நின்றிருந்த படுக்கையை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்துவிட்டது. வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று நானாகவே மருந்து கொடுத்தேன். பூச்சி இருந்தது வயிற்றில் இல்லை, நான் சொன்ன பொய்யில் என்று அப்போது புரியவில்லை.

கோடை விடுமுறையில் தாய்லாந்துக்குப் போனோம். பாங்காக்கில் என் கொழுந்தனார் வேலையில் இருக்கிறார். "அம்மா போனதிலேருந்து வீட்டிலேயே அடைஞ்சு கிடக்கீங்க, ஒரு வாரம் வந்துட்டுப் போங்க அண்ணி" என்று அவர் டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டார். அங்கிருந்து சமூயி என்ற தீவுக்குக் கிளம்பினோம். ராத்திரி ரயிலில் சூரத் தானி என்ற ஊர் வரை போக வேண்டும். நம் குஜராத் சூரத்தின் பெயரைத்தான் அந்த ஊருக்கு 1915-ல் தாய்லாந்து ராஜா வைத்தாராம்! அங்கிருந்து பஸ், அப்புறம் ஒன்றரை மணி நேரம் படகு.

ரயில் புறப்பட்டதும் சின்னவள் தன் பையைத் திறந்து எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என்னவென்று எட்டிப் பார்த்தேன். அத்தையின் மூக்குக்கண்ணாடி!

"இது எதுக்குடி கொண்டாந்தே?"

"அப்பத்தாவுக்கு. கண்ணாடி இல்லாம அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா. நம்ம இப்ப அந்த ஊருக்குத்தானே போறோம்?"

எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே இருட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நாலு மாசமாக என் பிள்ளை ஒரு பிரயாணத்துக்காகக் காத்திருக்கிறாள்! அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

சமூயி தென்னந்தோப்புத் தீவு. கடற்கரையும் அருவியும் பார்த்தாகிவிட்டது. மூன்றாம் நாள் ஓரகத்தி, "இங்கே குனாராம்னு ஒரு புத்தர் கோயில் இருக்குக்கா. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ஒரு பிக்கு உட்கார்ந்திருக்கார். இறந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள்.

"ஐயையோ, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டா?"

"இங்கே எல்லாரும் பிள்ளைங்களோடதான் வருவாங்க அக்கா. அந்தக் கோயில் இருக்கிறதே அதுக்குத்தான்."

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். அங்கே உட்காரும்போது புத்தர் பக்கம் காலை நீட்டக் கூடாது. பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது. மற்றபடி நம் கோயில் மாதிரியேதான். வாசலில் பூ, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி. உள்ளே சின்ன மண்டபம். படி ஏறினால் கண்ணாடிப் பெட்டி.

பயந்துகொண்டேதான் பார்த்தேன். காவித் துணி போர்த்தி, சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். தோல் காய்ந்து, பழைய மரக்கட்டை நிறத்தில் இருக்கிறது. முகத்தில்... நம்ப மாட்டீர்கள், கறுப்புக் கூலிங்கிளாஸ்!

அவரை லுவாங் போ தேங் என்கிறார்கள். 'லுவாங் போ' என்றால் மரியாதைக்குரிய அப்பா என்று அர்த்தமாம். 1894-ல் அதே தீவில் பிறந்தவர். இளம் வயசில் கொஞ்ச காலம் பிக்குவாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கல்யாணம் செய்துகொண்டு, ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த குடும்பஸ்தர். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, ஐம்பது வயசில் மறுபடியும் காவி உடுத்தியிருக்கிறார். 1973-ல், எழுபத்தொன்பதாவது வயசில், தியானத்தில் உட்கார்ந்தபடியே காலமானார். தன் முடிவு நெருங்குவது தெரிந்து, சீடர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தாராம். உடம்பு கெட்டுப்போனால் எரித்துவிடுங்கள், கெடாமல் இருந்தால் பின்னால் வருகிறவர்கள் பார்த்துச் சிந்திக்கும்படி உட்கார்த்தி வையுங்கள் என்று. கடைசி நாட்களில் ஆகாரத்தைக் குறைத்துவிட்டதால் உடம்பில் ஈரமும் கொழுப்பும் வற்றி, அப்படியே காய்ந்து நின்றுவிட்டது என்கிறார்கள். ஆனாலும் கண்கள் குழி விழுந்துவிட்டன. பார்க்க வரும் குழந்தைகள் மிரளக் கூடாது என்றுதான் அந்தக் கறுப்புக் கண்ணாடி. 2002-ல் ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கண் குழிகளில் பல்லி முட்டைகள் இருந்தனவாம். செத்த உடம்பிலும் ஏதோ ஒரு தாய் தன் பிள்ளைக்கு இடம் தேடியிருக்கிறாள், பாருங்களேன்!

இதையெல்லாம் ஓரகத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் பெட்டியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பயமே இல்லை.

"இந்தத் தாத்தா தூங்குறாராம்மா?"

'ஆமாம்' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபம்! ஆனால் பையில் இருந்த அந்த மூக்குக்கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது. இன்றைக்கு 'தூங்குறார்' என்று சொன்னால், நாளையிலிருந்து இவள் தூங்கவும் பயப்படுவாளே!

"இல்லடா. செத்துப்போயிட்டார்."

"செத்துப்போறதுன்னா?"

"உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடும். மூச்சு விடாது. பசிக்காது, வலிக்காது. கண்ணு பார்க்காது. திரும்ப எழுந்திருக்க மாட்டாங்க."

"கண்ணாடி போட்டிருந்தாலும் தெரியாதா?"

"தெரியாதுடா."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தாத்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப... அப்பத்தாவும் செத்துப்போயிட்டாங்களா?"

"ஆமாடா கண்ணு. அம்மா உன்கிட்ட ஊருக்குன்னு சொன்னது தப்பு. அப்பத்தா செத்துப்போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

நாலு மாசமாகச் சொல்லாத வார்த்தை. சொன்னதும் நான்தான் முதலில் அழுதேன். என்னைப் பார்த்து அவள் அழுதாள். அங்கே ஒருவரும் வேடிக்கை பார்க்கவில்லை. பூ விற்கும் பாட்டி ஒரு தாமரை மொட்டைக் கொண்டுவந்து பிள்ளை கையில் கொடுத்து, இரண்டு கையையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். புத்த மதத்தில் மரணத்தை நினைப்பதையே ஒரு பயிற்சியாக வைத்திருக்கிறார்கள் என்று ஓரகத்தி சொன்னாள். வயோதிகம் வரும், நோய் வரும், சாவு வரும், பிரியமானவர்களைப் பிரிய வேண்டிவரும், நாம் செய்ததன் பலன்தான் நமக்குச் சொந்தம் என்று ஐந்து விஷயங்களை அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டுமாம். சந்நியாசிகள் மட்டுமில்லை, குடும்பத்தில் இருக்கும் ஆணும் பெண்ணும்கூட நினைக்க வேண்டும் என்று அவர்கள் சூத்திரத்திலேயே சொல்லியிருக்கிறது. புதிதாகக் காவி உடுத்துகிறவருக்கு முதல் பாடம் இன்னும் வேடிக்கை: தலைமுடி, உடம்பு ரோமம், நகம், பல், தோல் என்ற ஐந்தையும் தியானிக்கச் சொல்வார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பத்திரிகைகளில் அழகுக் குறிப்புப் பக்கம் முழுக்க இந்த அஞ்சுதானே! தேய்த்துக் குளிக்க வேண்டாம் என்றோ, எண்ணெய் வைக்க வேண்டாம் என்றோ சொல்லவில்லை அவர்கள். நிலைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு செய் என்கிறார்கள். அதுதான் அநித்தியம்.

அந்த நாட்டில் சாவு வீடே கோயில்தான். உடம்பைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, சில நாட்கள் ராத்திரியில் பிக்குகள் ஓத, பெரும்பாலும் அங்கேயே தகனமும் செய்கிறார்கள். அஸ்தி வைத்த சின்னச் சின்ன ஸ்தூபிகள் கோயில் வளாகத்திலேயே வரிசையாக இருக்கும், சிலவற்றில் போட்டோவும் பதித்திருக்கும். ஓதுகிற இடத்துக்கும் தகனத்துக்கும் பிள்ளைகள் பெற்றோருடன் வருகிறார்கள். நாமோ பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம்.

அவர்கள் ஊர் வழக்கம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் தமிழில் இல்லாததா? மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துக் கதை வருகிறதே! அந்தச் சுடுகாட்டுக்குள் வழி தவறிப் போன சார்ங்கலன் என்ற பையன், பேயைக் கண்டு பயந்து உயிரை விட்டுவிடுகிறான். அவன் தாய் கோதமை, பிள்ளையை அணைத்துக்கொண்டு சம்பாபதித் தெய்வத்தைக் கூப்பிட்டு அழுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு என்கிறாள். தெய்வம் நினைத்திருந்தால், 'தூங்குகிறான், எழுந்துவிடுவான்' என்று ஒரு பொய்யைச் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எல்லாத் தெய்வங்களையும் வரவழைத்து, இது யாராலும் ஆகாத காரியம் என்று அவள் கண்ணெதிரிலேயே காட்டியது. பெற்றவளிடம் உண்மையைச் சொல்வதுதான் கருணை என்று நினைத்திருக்கிறார் அந்தப் புலவர்.

உண்மை என்றால் முகத்தில் அடித்தாற்போல் சொல்வதும் இல்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். ஆளை மறைக்கவில்லை, திரை போடவில்லை. குழந்தை மிரளும் இடத்தை மட்டும் மூடிவிட்டு, மற்றதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நாமும் அந்த அளவுக்குத்தான் மறைக்கலாம்.

திரும்பி வந்ததும், குழந்தைகள் மனநலம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவரிடம் பேசினேன். அவர் சொன்னதையும் என் அனுபவத்தையும் சேர்த்துத் தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாத நேரத்தில் வேண்டியிருக்கும்.

முதலாவது, 'செத்துப்போயிட்டாங்க' என்ற வார்த்தையையே சொல்லுங்கள். 'ஊருக்குப் போயிருக்காங்க' என்றால் குழந்தை காத்திருக்கும்; நீங்கள் வெளியே கிளம்பினால் பதறும். 'தூங்குறாங்க' என்றால் படுக்கப் பயப்படும். 'நல்லவங்க, அதான் சாமி கூட்டிக்கிட்டார்' என்றால், நல்ல பிள்ளையாக இருக்கவே பயம் வரும்.

இரண்டாவது, அஞ்சு வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்குச் செத்தவர் திரும்ப மாட்டார் என்பது எளிதில் பிடிபடாது. அஞ்சிலிருந்து ஏழு வயசுக்குள்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய வரும். அதனால் ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்கும். சலிக்காமல் பத்து தடவையும் அதே பதிலைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, 'நான் குறும்பு பண்ணினதாலேதான்' என்று சில குழந்தைகள் மனசுக்குள் நினைத்துக்கொள்ளும். கேட்காவிட்டாலும், "நீ செஞ்சதாலே ஒண்ணும் இல்லடா" என்று நாமே சொல்லிவிட வேண்டும்.

நாலாவது, 'காய்ச்சல் வந்தது, போயிட்டாங்க' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. அடுத்த தடவை உங்களுக்குக் காய்ச்சல் என்றால் நடுங்கிப்போகும். 'ரொம்ப ரொம்பப் பெரிய நோய், சாதாரணக் காய்ச்சல் இல்லை' என்று பிரித்துச் சொல்லுங்கள்.

அஞ்சாவது, "நீயும் செத்துப்போவியா?" என்ற கேள்வி வந்தே தீரும். எனக்கும் வந்தது, அன்று ராத்திரியே. "எல்லாரும் ஒருநாள் போவாங்க. அம்மா ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னு நினைக்கிறேன். எது நடந்தாலும் உன்னைப் பார்த்துக்க அப்பா இருக்கார், அண்ணன் இருக்கான், சித்தி இருக்கா" என்றேன். குழந்தை கேட்பது தத்துவம் இல்லை சகோதரிகளே. 'என்னை யார் பார்த்துப்பாங்க?' என்பதுதான் அந்தக் கேள்வி.

ஆறாவது, குழந்தை எதிரில் அழுதால் தப்பில்லை. 'அப்பத்தா ஞாபகம் வந்துச்சு, அழுதேன்' என்று சொல்லிவிட்டால் போதும். விளக்கேற்றுவது, படத்துக்குப் பூ வைப்பது மாதிரி சின்ன வேலைகளில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாம் வழக்கம் மாறாமல் நடக்கட்டும்.

வாரக்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், விளையாடாமல் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தும் பேசலாம், காசு கிடையாது.

சின்னவள் உடனே சரியாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஊர் திரும்பிய பிறகும் மூன்று நாலு தடவை படுக்கை நனைந்தது. "செத்தவங்களுக்குக் குளிருமாம்மா?" என்று ஒரு நாள், "அப்பத்தாவுக்கு வலிச்சுதா?" என்று ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னேன். இப்போது நான் கடைக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். பெரியவன்தான் ஆச்சரியம். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், தங்கச்சிக்குத் தெரிந்துவிட்டது என்றதும் என் மடியில் படுத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊமை மாதிரி அதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறான் பாவம்.

மூக்குக்கண்ணாடியைச் சின்னவளே கொண்டுபோய் அப்பத்தா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். "அவங்களுக்கு வேண்டாம்மா. நமக்கு ஞாபகத்துக்கு" என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன வாரம் ராத்திரி, பாத்திரமெல்லாம் கழுவி அடுப்படியைத் துடைத்த பிறகு அவள் அப்பா மெல்ல, "பால் கொழுக்கட்டை செஞ்சு ரொம்ப நாளாச்சு இல்ல?" என்றார். மணி ஒன்பதரை. இடுப்பு விட்டுப்போகிறது. நாளைக்குச் செய்யலாம் என்றுதான் வாயில் வந்தது.

அரிசி மாவு டப்பாவை எடுத்தேன். தேங்காயை அவரே துருவிக் கொடுத்தார். முதல் கிண்ணத்தை அத்தை படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, நாலு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் தூங்கும்போது மணி பதினொன்று ஆகிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லேட்தான். போகட்டும்.

அடுத்த இதழில், மழைக்காலம் வருவதால், தண்ணீர் கொதிக்கவைப்பது பற்றியும் வயிற்றுப்போக்கு பற்றியும் பேசலாம்.